ஏழு துப்பாக்கி, ஏழு வெளிச்சம்

எங்கள் வேட்டைக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கொம்பு ஊதி வேட்டை முடிந்ததும், ஒவ்வொருவரும் தான் காத்து நின்ற இடத்திலேயே தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும் பெரிய பலாட்டா மரத்தடிக்கு வந்து, துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து, குழலை இன்னொருவர் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அவர் குழலின் வழியாக வானத்தைப் பார்ப்பார். வானம் தெரிந்தால் "வெளிச்சம்" என்று உரக்கச் சொல்வார். எல்லாத் துப்பாக்கிக்கும் வெளிச்சம் சொன்ன பிறகுதான் வண்டிகள் நிற்கும் இடத்தை நோக்கி நடப்போம்.

மூன்று வேட்டைப் பருவங்களாக வெளிச்சம் பார்த்தது நான்தான். எனக்குத் துப்பாக்கி உரிமம் இல்லை. நாய்களைப் பார்த்துக்கொள்வேன், குறிப்பேடு எழுதுவேன். பருவம் முடிந்ததும் எந்த நாள், எந்த இடம், எத்தனை அகூட்டி, எத்தனை மான் என்று வனத்துறைக்குப் படிவம் நிரப்பித் தர வேண்டும். மற்றவர்களுக்கு அதில் பொறுமை கிடையாது. நான் செவ்வாயும் வியாழனும் ரியோ கிளாரோ டவுனில் சாயங்கால வகுப்புக்குப் போகிறவள் என்பதால் எனக்கு 'டீச்சர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நெரிஸா என்ற என் சொந்தப் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

வழக்கத்தில் ஒரு விலக்கு இருந்தது. அது எங்கேயும் எழுதப்படவில்லை. அங்கிள் ஆன்ஸிலின் துப்பாக்கியை யாரும் பார்ப்பதில்லை.

அவர்தான் குழுத் தலைவர், மற்றவர்களுக்குக் கேப்டன். வயது அறுபத்தொன்று. வண்டிகளில் ஒன்று அவருடையது, ஐந்து நாய்களும் அவருடையவை. வெளிச்சம் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தியவரும் அவரே. இருபது வருஷத்துக்கு முன்னால் வேறொரு குழுவில் ஒருவன் தன் மைத்துனனைச் சுட்டுவிட்டானாம். அதைக் கேட்ட வாரமே அவர் இந்த விதியைக் கொண்டுவந்தார். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, வேலியைத் தாண்டும்போது யாரிடம் கொடுப்பது, பக்கத்து இடத்தில் நிற்பவனின் திசையில் ஏன் சுடக் கூடாது என்பதையெல்லாம் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அப்படிப்பட்டவரிடம் "துப்பாக்கியை மடித்துக் காட்டுங்கள்" என்று கேட்பது, பாதிரியாரிடம் "நீங்கள் ஜெபம் செய்தீர்களா?" என்று கேட்பதைப் போல.

நான் ஒருமுறை கேட்டேன். என் முதல் பருவத்தின் முதல் நாள். மற்ற ஆறு பேரிடமும் செய்ததைப் போலவே அவர் பக்கமும் கையை நீட்டினேன். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவருடைய அண்ணன் மகன் மெர்வின், "யார்கிட்ட கேக்கறேன்னு தெரியுதா?" என்றான். அங்கிள் ஆன்ஸில் சிரித்தார். "விடுடா. புதுசா வந்த பொண்ணு" என்று என் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். துப்பாக்கி மடிக்கப்படாமல் அவர் தோளிலேயே இருந்தது. நான் "வெளிச்சம்" என்று சொன்னேன். குறிப்பேட்டில் ஏழாவது கட்டத்தில் டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் கையை நீட்டியதில்லை. அவர் வருவார், "எழுதிக்கோ, டீச்சர்" என்பார், நான் எழுதிக்கொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை, நவம்பரில் இரண்டாவது சனிக்கிழமை, முதல் நாள் இரவெல்லாம் மழை. செம்மண் சோப்பைப் போல வழுக்கியது. நாய்களுக்கு வாசனை நன்றாகக் கிடைத்தது. ஏழு மணிக்கு அவிழ்த்துவிட்டோம். பத்து இருபத்தைந்துக்கு அங்கிள் ஆன்ஸில் கொம்பு ஊதினார். ஒவ்வொருவராக மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

தன்ராஜ் வரும்போதே மெர்வினைக் கிண்டல் செய்துகொண்டு வந்தார். தன்ராஜ் மாக்ஸி வேன் ஓட்டுகிறவர், முப்பத்துநாலு வயது. எல்லோருக்கும் அவர் தனோ. அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

"டீச்சர், எழுதிக்கோ. மெர்வின், அகூட்டியோட நிழலைச் சுட்டான். நிழலுக்குப் பலத்த காயம்."

"நீ நின்ன இடத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லட்டுமா?" என்றான் மெர்வின். "குறட்டைச் சத்தம். காட்டுப்பன்னின்னு நெனச்சு ரெண்டு நாய் உன்னைத்தான் சுத்தி வளைச்சுது."

"அதுங்களுக்காவது என் அருமை தெரியுது."

தன்ராஜ் துப்பாக்கியை மடித்து என் முன்னால் நீட்டினார். குழலுக்குள் வட்டமாக ஒரு துண்டு வெள்ளை வானம். வெளிச்சம். அப்படியே ஆறு பேர். கடைசியாக அங்கிள் ஆன்ஸில் வந்தார். ஒரு கையில் இரண்டு அகூட்டிகள் பின்னங்காலில் தொங்கின, முயலைவிடச் சற்றுப் பெரியவை, பழுப்பு முடி நனைந்து ஒட்டியிருந்தது. துப்பாக்கி தோளில்.

"ரெண்டு குண்டு, ரெண்டு உருப்படி. எழுதிக்கோ, டீச்சர்."

"வெளிச்சம்" என்றேன். "7 துப்பாக்கி, 7 வெளிச்சம். 10.40" என்று எழுதினேன்.

ஒற்றை வரிசையில் நடந்தோம். மெர்வின் கத்தியால் கொடிகளை வெட்டிக்கொண்டு முன்னால் போனான். பின்னால் மற்றவர்கள். அவர்களுக்குப் பின்னால் தன்ராஜ், அடுத்து அங்கிள் ஆன்ஸில், கடைசியில் நாய்களோடு நான். ஒரு திருப்பத்தில் பாதை செங்குத்தாக இறங்குகிறது. முன்னால் போனவர்கள் திருப்பத்தைத் தாண்டிவிட்டார்கள். தன்ராஜ் பாதி இறங்கியிருந்தார், ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அங்கிள் ஆன்ஸிலின் கால் வழுக்கியது. அவர் விழாமல் இருக்க ஒரு கொடியைப் பிடித்தார். துப்பாக்கி தோளிலிருந்து நழுவி அந்தக் கொடிகளுக்குள் போனது. அதைப் பிடித்து இழுத்தார். வெடித்தது.

தன்ராஜ் உட்கார்ந்துவிட்டார். முதலில் அவர் கத்தவில்லை. இடது காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழங்காலுக்குக் கீழே கால்சட்டை இல்லை. வேறு என்ன இல்லை என்று எழுத என்னால் முடியவில்லை.

நான் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். அங்கிள் ஆன்ஸில் துப்பாக்கியை மடித்தார். வெடித்த தோட்டாவை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கத்தினார்.

"பொறி! பொறி வச்சிருக்கான்! யாரும் அசையாதீங்க!"

பொறித்துப்பாக்கியைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முழ இரும்புக் குழாய், ஒரு ஆணி, ஒரு ரப்பர் பட்டை, விலங்கு நடக்கும் தடத்துக்குக் குறுக்கே ஒரு கம்பி. கம்பியில் எது இடறினாலும் வெடிக்கும். வைத்தவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். நாலு வருஷத்துக்கு முன்னால் குழுவின் நாய் ஒன்று அப்படித்தான் செத்தது. வைத்தவன் லூஷியன். காட்டுப் பாதை முடியும் இடத்தில் வாழை போட்டுக்கொண்டு தனியாக இருப்பவன். அதற்காக ஆறு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தான்.

ஆகவே "பொறி" என்ற சொல் காதில் விழுந்ததும், திருப்பத்துக்கு அப்பாலிருந்து ஓடி வந்தவர்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை. மெர்வின், "லூஷியன்!" என்று மட்டும் சொன்னான்.

இரண்டு மழைச்சட்டைகளைக் கட்டி, அதில் தன்ராஜைத் தூக்கிக்கொண்டு போனோம். பெல்ட்டை அவிழ்த்துத் தொடையில் கட்டுப் போட்டவர் அங்கிள் ஆன்ஸில்தான். ரொம்ப நன்றாகக் கட்டினார். அந்தக் கட்டு இல்லாவிட்டால் உயிர் போயிருக்கும் என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள். தன்ராஜை வண்டியில் ஏற்றினோம். நான் நாய்களைப் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கிள் ஆன்ஸில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உன் நோட்டுல என்ன இருக்கு?"

"ஏழு வெளிச்சம்."

"அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் ஞாயிறு, காவல் நிலையத்துக் கார்ப்பரல் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். அவர் என்னிடம் எட்டுக் கேள்விகள் கேட்டார். ஏழுக்கு உண்மையாகப் பதில் சொன்னேன். எட்டாவது, "எல்லாத் துப்பாக்கியும் காலியா இருந்துச்சா?" என்பது.

"நோட்டுல எழுதியிருக்கு, சார்" என்றேன்.

அந்தப் பதிலைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்துவிட்டேன். அதில் பொய் என்று சொல்ல ஒரு சொல்கூட இல்லை. அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கார்ப்பரல் குறிப்பேட்டைப் புரட்டினார். தேதி, மணி, மழை, நாய்களின் பெயர்கள், டிக்குகள். "எங்க ஸ்டேஷன்ல ஒருத்தனும் இப்படி எழுத மாட்டான்" என்றார். பத்து நாற்பதுக்கு ஏழு துப்பாக்கியும் காலி. பத்து ஐம்பத்திரண்டுக்கு வெடி. நடுவில் யாரும் தோட்டா போடவில்லை. அப்படியானால் வெடித்தது குழுவின் துப்பாக்கி இல்லை. அவர் இதை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். குறிப்பேட்டை ஒரு காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே லூஷியனைப் பிடித்தார்கள். அவன் கொட்டகையில் முக்கால் அங்குல இரும்புக் குழாய்த் துண்டுகள் மூன்று இருந்தன. வெடித்த இடத்துக்குப் பக்கத்துப் புதரிலிருந்து மெர்வின் ஒரு கம்பியை எடுத்துக் கொடுத்தான். காட்டில் தேடினால் எந்தப் புதரிலும் ஒரு கம்பி கிடைக்கும். புதன்கிழமை தன்ராஜின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் தீவனக் கடையில் வேலை செய்கிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் டான்டி யூனிஸ் கடைக்கு வந்தார். சந்தையில் கிழங்கு விற்பவர், லூஷியனின் அக்கா; ஊரில் எல்லோருக்கும் அத்தை முறையில் 'டான்டி'. அதற்கு முன் நான் அவரிடம் பேசியதில்லை.

"ரெண்டு பவுண்டு கோழித்தீவனம்."

நிறுத்துக் கட்டிக் கொடுத்தேன். அவர் போகவில்லை.

"நீதானே அந்த நோட்டு எழுதுற பொண்ணு?"

"ஆமா, டான்டி."

"கார்ப்பரல் படிச்சுக் காட்டினாரு. அழகா எழுதியிருக்கே. மணி நிமிஷமெல்லாம் போட்டு."

நான் தராசைத் துடைத்தேன்.

"என் தம்பி யோக்கியன்னு சொல்ல வரல. உங்க நாயைக் கொன்னது அவன் பொறிதான். கேட்டப்போ ஆமான்னு சொன்னான், உள்ள போனான். வந்ததுல இருந்து அந்தக் காட்டுக்குள்ள கால் வைக்கல. அந்தக் குழாயி வாழைக்குத் தண்ணி விடறதுக்கு. நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏழு துப்பாக்கியையும் நீ பாத்தியா?"

பின்னால் ஒருவர் முள்வேலிக் கம்பி கேட்டு வந்து நின்றார். "அடுத்தவர் காத்திருக்கார், டான்டி" என்றேன்.

"காத்திருக்கட்டும். நான் கேட்டது ஆமா, இல்லைன்னு சொல்ற கேள்வி, மகளே."

நான் கம்பிச் சுருளை எடுக்கத் திரும்பினேன். அவர் தீவனப் பையை எடுத்துக்கொண்டு போனார். வாசல் வழியாக, அவர் கைப்பிடி அறுந்துவிடாதபடி பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்ததைப் பார்த்தேன்.

அன்று வியாழன். வகுப்பில் கடிதம் எழுதும் பயிற்சி. நான் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். "நான் பார்க்காமலே டிக் போட்டேன்" என்பது முதல் வரி. அதற்குக் கீழே எழுத எதுவும் இல்லை. ஆனாலும் அதை மட்டும் எழுதிக் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை. சுட்டவரின் பெயரை எழுதும் முன், சுடப்பட்டவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். தன்ராஜ் மெலிந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தூக்குப்பாத்திரம்.

"வா, டீச்சர். இனிமே செருப்புக் கடைக்காரன்கிட்ட பாதி விலைக்குக் கேப்பேன். ஒண்ணுதானேப்பா வேணும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தூக்கைக் காட்டினார். "கேப்டன் கொண்டுவந்தது. தினமும் வர்றாரு. வீட்டு சூப்பு. உக்காந்து அழுதுட்டுப் போறாரு."

"தனோ, நான் உங்களுக்குப் பின்னாடிதான் வந்தேன். நடந்ததைப் பாத்தேன். அது பொறி இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நான் வேன் ஓட்டுறவன். பின்னாடி எந்த டயர் வெடிச்சுதுன்னு சத்தத்துலயே சொல்லுவேன். எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா?"

"விழுறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல? அவரு வேணும்னா சுட்டாரு? சொன்னா துப்பாக்கி போகும், உரிமம் போகும், வயசான காலத்துல உள்ள போவாரு. குழு போகும். எனக்குக் கால் வந்துருமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாரத்துல ஆறு நாள் நான் யாரோ ஒரு வேன் டிரைவர். சனிக்கிழமை ஒரு நாள்தான் மனுஷன். வண்டிக்கிட்ட உக்காந்து நாயைப் பிடிச்சுக்கறதுக்காவது அவர் என்னைக் கூட்டிட்டுப் போவாரு. சொல்லிட்டா யாரு கூட்டிட்டுப் போவா? நீயா?"

"லூஷியன் உள்ள இருக்கான், தனோ."

"அவனா? அவன் செஞ்சது கொஞ்சமா?"

"செஞ்சதுக்குத்தான் ஏற்கெனவே இருந்துட்டு வந்துட்டானே."

"அப்ப இனிமே செய்யப்போறதுக்கு இருக்கட்டும்" என்றார். உடனே கண்ணை மூடிக்கொண்டார். "நீ போய்ச் சொன்னா நான் இல்லேன்னு சொல்லுவேன், டீச்சர். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் என்மேல வருத்தப்படாதே."

அடுத்த நாள் அங்கிள் ஆன்ஸில் வீட்டுக்குப் போனேன். அவரிடம் சொல்லாமல் காவல் நிலையத்துக்குப் போவது மரியாதை இல்லை என்று தோன்றியது. இப்போது நினைத்தால் அந்த மரியாதையும் அவர் துப்பாக்கியைப் பார்க்காமல் விட்ட மரியாதையைப் போன்றதுதான். ஆனால் போனேன்.

கொல்லையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். மனைவியைக் கூப்பிட்டுக் கொக்கோ கொண்டுவரச் சொன்னார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் உண்ணியை நகத்தில் நசுக்கி டப்பாவில் போட்டார்.

"மூணாவது ஒண்ணு வரும்னு மறுபடி ஒரு தோட்டா போட்டேன். கொம்பு ஊதினவனும் நான்தான். ஊதிட்டு, எடுக்க மறந்தவனும் நான்தான். நாப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை."

"ஒரே தடவைன்னு யாருக்குத் தெரியும், அங்கிள்? யாரும் பாத்ததில்லையே."

அவர் தலை நிமிர்ந்தது. அப்படி ஒரு பேச்சை என்னிடமிருந்து அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"நீ கேட்டிருந்தா காட்டியிருப்பேன்."

"முதல் நாள் கேட்டேன்."

"கேட்டே. ரெண்டாவது நாள் கேட்டியா?"

கொக்கோ வந்தது. அவர் மனைவி அதை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"நான் மறந்துட்டேன், டீச்சர். மறதி மனுஷனுக்கு வர்றதுதான். நீ மறக்கல. பாக்கலேன்னு உனக்கே தெரியும். தெரிஞ்சும் வெளிச்சம்னு சத்தமா சொன்னே, டிக்கும் போட்டே. உன் சத்தத்தை நம்பித்தான் தனோ எனக்கு முன்னாடி நடந்தான். இதுல யாரு பெரிய குத்தவாளின்னு உன் சாயங்கால வகுப்புல கேட்டுப் பாரு."

தப்பித்துக்கொள்ளத்தான் அவர் அதைச் சொன்னார். ஆனால் சொன்னது தவறு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

"போகணும்னா போ. நான் தடுக்க மாட்டேன். கொக்கோவைக் குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன்.

திங்கள்கிழமை மத்தியானம் கடையில் விடுப்பு கேட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். கார்ப்பரல் நான் எழுதிக்கொண்டு போன இரண்டு பக்கத்தையும் இரண்டு முறை படித்தார்.

"அவரு துப்பாக்கிய நீ பாக்கவேயில்ல?"

"இல்ல, சார்."

"ஆனா டிக் போட்டிருக்கே."

"எப்பவும் அப்படித்தான் போடுவேன். மூணு பருவமா."

"எத்தனை தடவை?"

"நாப்பத்தொம்போது." எண்ணி வைத்திருந்தேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய முகத்தில் களைப்புதான் இருந்தது.

"இதோ பாரு, பொண்ணு. என்கிட்ட ரெண்டு காகிதம் இருக்கு. ஒண்ணு, அன்னிக்கே, அந்த நிமிஷத்துலயே எழுதினது, யாருக்கும் பயப்படாம. இன்னொண்ணு, ஒரு மாசம் கழிச்சு, அந்த ஆளோட அக்கா கடைக்கு வந்துட்டுப் போனதுக்கப்புறம் எழுதினது. கால் போனவனே பக்கத்துப் புதர்லருந்து வெடிச்சுதுன்னு சொல்றான். நீ என்ன சொல்றே? நாப்பத்தொம்போது தடவை பொய் எழுதினேன், இப்ப மட்டும் நம்புங்கன்னு சொல்றே. ஜட்ஜ் எதை நம்புவாரு?"

"நடந்ததை, சார்."

"நடந்தது உன் நோட்டுல இருக்கு" என்றார்.

ஆனாலும் என் காகிதங்களை வாங்கிக்கொண்டார். அவற்றையும் உறையில் போட்டார்.

வழக்கு மார்ச் மாதம் வந்தது. வேட்டைப் பருவம் முடிந்துவிட்டது. அந்த வருஷப் படிவத்தை மெர்வின் நிரப்பினானாம். லூஷியன் கூண்டில் நின்றான். நான் நினைத்ததைவிடக் குள்ளம். யாரோ கொடுத்த சட்டை தோளில் நிற்கவில்லை. அன்று காலையில் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள்.

"வாழைக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தேன், ஐயா."

"முதல் நாள் ராத்திரியெல்லாம் மழை. அப்புறம் எதுக்குத் தண்ணி?"

அவன் திகைத்தான். "வாய்க்கால் தூர்ந்து போயிருந்துச்சு. அதை எடுத்துவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"வாழைதான் பாத்துச்சு" என்றான். நீதிமன்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

தன்ராஜ் ஊன்றுகோலோடு வந்து, சத்தம் இடது பக்கத்திலிருந்து, தரைக்குப் பக்கத்தில் கேட்டது என்றார். அங்கிள் ஆன்ஸில் வெள்ளைச் சட்டை போட்டு வந்து, தன் துப்பாக்கி காலி என்று இரண்டே வார்த்தையில் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். லூஷியனின் வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் நடந்ததைச் சொன்னேன். கொடி, தோள், வெடித்த தோட்டா, கால்சட்டைப் பை. ஒன்றையும் விடவில்லை.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. என் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார்.

"நவம்பர் இரண்டாவது சனிக்கிழமைப் பக்கத்தைப் படிங்க."

படித்தேன். "ஏழு துப்பாக்கி, ஏழு வெளிச்சம். பத்து நாற்பது."

"உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"யாராவது வற்புறுத்தி எழுத வச்சாங்களா?"

"இல்ல."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல. யாருமே எதுவும் சொல்லல."

"நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி தீர்ப்பில் என் குறிப்பேட்டைப் பற்றி ஒரு பத்தி முழுக்கப் பேசினார். சம்பவத்தின்போதே எழுதப்பட்டது, ஒழுங்கானது, அடித்தல் திருத்தல் இல்லாதது என்றார். பின்னால் வந்த என் வாக்குமூலத்தை, இளம் மனசின் குழப்பம் என்றும் குற்றம் சாட்டப்பட்டவனின் குடும்பத்தின் மேல் ஏற்பட்ட இரக்கம் என்றும் சொன்னார். முன்பே தண்டனை பெற்றவன் என்பதால் லூஷியனுக்கு இரண்டு வருஷம். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையாட்டிக் கேட்டான், யாரோ வழி சொல்லக் கேட்பதைப் போல.

வெளியே வந்தபோது மணி மூன்றரை. வானம் கறுத்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் போகும் கடைசி வேன் மூன்று மணிக்கே போய்விட்டது. நான் நீதிமன்றத்துக்கு எதிரே கடை வாசலில் நின்றேன். மழை பிடித்தது. அங்கிள் ஆன்ஸிலின் வண்டி மெதுவாக வந்து என் முன்னால் நின்றது. முன்னிருக்கையில் தன்ராஜ் உட்கார்ந்திருந்தார், ஊன்றுகோல் குறுக்கே கிடந்தது.

அங்கிள் ஆன்ஸில் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"ஏறு, டீச்சர். நனையப் போறே."

"பரவால்ல, அங்கிள். நான் வந்துக்கறேன்."

"எதுல வருவே? பதினெட்டு மைல். ஏறும்மா. உங்கம்மா தேடுவா."

தன்ராஜ் கையை நீட்டிப் பின்கதவை உள்ளிருந்து திறந்துவிட்டார். "சண்டை வேற, மழை வேற" என்றார்.

ஏறினேன். இருக்கையில் நாய் வாசனை. உட்கார்ந்ததும் அங்கிள் ஆன்ஸில் ஒரு துண்டை எடுத்துப் பின்னால் நீட்டினார், தலையைத் துவட்டிக்கொள்ள. வாங்கிக்கொண்டேன். "தேங்க்ஸ்" என்றும் சொன்னேன்.

வண்டி நீதிமன்ற வாசலைச் சுற்றித் திரும்பியது. படிக்கட்டுக்குப் பக்கத்தில், கூரையின் விளிம்புக்குக் கீழே டான்டி யூனிஸ் நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதன் வாயிலிருந்து தேய்த்து மடித்த ஒரு நீலச் சட்டையும், புதுச் செருப்பு ஒன்றின் நுனியும் தெரிந்தன. தம்பி வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ளக் கொண்டுவந்திருக்க வேண்டும். அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு வண்டிக்குள் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து துவட்டிக்கொண்டேன், ரொம்ப நேரம், முடி காய்ந்த பிறகும்.